நிற்கத் தெரிந்த நீர்வண்டி

2020 அக்டோபர் 29. போர்ச்சுகல் நாட்டின் நசரே கடற்கரையில் 26.21 மீட்டர் உயரம் எழுந்த ஓர் அலையின் முகத்தில் சறுக்கி இறங்கினார் செபாஸ்டியன் ஸ்டாய்ட்னர். 2022 மே மாதத்தில் கின்னஸ் நிறுவனம் அதை உலக சாதனையாக அறிவித்தது. ஸ்டாய்ட்னர் ஜெர்மானியர். வளர்ந்த ஊர் நியூரம்பெர்க். பவேரியா மாநிலத்தில், கடலுக்குப் பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊர்.

அந்தச் சாதனையில் ஒரு வண்டிக்கும் பங்கு உண்டு. அத்தனை பெரிய அலை வரும் வேகத்துக்குக் கைகளால் துழாவி யாராலும் ஈடுகொடுக்க முடியாது. ஜெட் ஸ்கி ஒன்று கயிற்றில் இழுத்து வந்து, அலை எழும் சரியான நொடியில், சரியான இடத்தில் அவரை விட்டுவிட்டு விலகுகிறது. விழுந்துவிட்டால், அடுத்த அலை அமுக்குவதற்குள் பாய்ந்து வந்து அள்ளிக்கொண்டு போவதும் ஜெட் ஸ்கிதான்.

அதே வண்டியை அவருடைய சொந்த நாட்டின் மிகப் பெரிய ஏரியான போடன் ஏரியில் ஓட்ட அனுமதி கிடையாது. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து என மூன்று நாடுகள் பங்கிட்டுக்கொள்ளும் அந்த ஏரிக்கென்று தனிப் படகுப் போக்குவரத்து விதிகள் உண்டு. நீர்வண்டிகளுக்கு அங்கே தடை.

ஒரே வண்டியை ஒரு கரையில் உயிர்காப்பானாகவும் இன்னொரு கரையில் வேண்டாத விருந்தாளியாகவும் பார்க்கிறார்கள். இரண்டு பார்வைக்கும் நியாயம் இருக்கிறது. நவீன நீர்வண்டியின் சிறப்பு என்னவென்று கேட்டால் விற்பனைக் கூடங்களில் முதலில் குதிரைத்திறனைச் சொல்வார்கள். 300, 325 என்று எண்கள் வந்து விழும். ஜெர்மனியின் ஆறுகளிலும் ஏரிகளிலும் கேட்கப்படும் கேள்விகள் வேறு. எப்படி நிற்கிறது? தண்ணீரில் எதை விட்டுச் செல்கிறது? கரையில் இருப்பவர் காதில் என்ன விழுகிறது? ஓட்டியவர் தவறி விழுந்தால் என்ன செய்கிறது? கடந்த 30 ஆண்டுகளில் இந்த வண்டி கற்றுக்கொண்ட நல்ல பழக்கங்கள் எல்லாம் இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பதிலாக வந்தவை. அதனால்தான் இந்தக் கட்டுரை ஜெர்மனியை மையமாக வைத்துப் பேசுகிறது.

பிரேக் இல்லாத 40 ஆண்டுகள்

4 மீட்டருக்குக் குறைவான நீளம். நீரைப் பீய்ச்சி நகரும் பம்ப். உடலுக்குள் அமராமல் அதன் மேலே உட்கார்ந்தோ நின்றோ மண்டியிட்டோ ஓட்டும் அமைப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தனிநபர் நீர்வண்டிக்குத் தரும் இலக்கணம் இதுதான். இதைப் படித்ததும் என் மனதில் வந்து நின்றது கட்டுமரம். நம் மீனவர் கட்டுமரத்துக்குள் உட்காருவதில்லை, மேலேதான் உட்காருகிறார், மண்டியிடுகிறார், நிற்கிறார். தண்ணீர் ஏறி, கட்டைகளுக்கு இடையே வடிந்து போகிறது. மூழ்கடிக்க உள்ளே வெற்றிடமே இல்லாத கலம் அது. எஞ்சினை எடுத்துவிட்டுப் பார்த்தால் ஜெட் ஸ்கி நமக்கு அவ்வளவு அந்நியமான பொருள் இல்லை.

எஞ்சினோடு பார்த்தால் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. மோட்டோகிராஸ் பந்தயங்களில் விழுந்து விழுந்து காயப்பட்ட கிளேட்டன் ஜேக்கப்சன் என்பவர், தரைக்குப் பதில் தண்ணீரில் விழுந்தால் வலிக்காதே என்று யோசித்து 1960-களில் ஒரு வண்டியை வடிவமைத்தார். கனடாவின் பம்பார்டியர் நிறுவனம் அவரோடு சேர்ந்து 1968-இல் ஸீ-டூ என்ற பெயரில் உட்கார்ந்து ஓட்டும் வண்டியை விற்றது. அது ஓடவில்லை, சீக்கிரமே கைவிடப்பட்டது. பிறகு கவாசாகி, 1973-இல் நின்றபடி ஓட்டும் வண்டியைக் கொண்டுவந்தது. ஜெட் ஸ்கி என்பது அவர்களுடைய வணிகப் பெயர்; இன்று எல்லா நிறுவன வண்டிகளுக்கும் அதுவே பெயராகிவிட்டது. 1980-களின் பின்பாதியில் யமஹாவின் வேவ்ரன்னரும் மறுபிறவி எடுத்த ஸீ-டூவும் வந்தபின் குடும்பத்தோடு உட்கார்ந்து போகலாம் என்ற நிலை வந்தது.

இந்த வண்டிகளின் உயிர் பம்பில் இருக்கிறது. அடிப்பகுதியில் கம்பி வலை போட்ட ஒரு திறப்பு. அதன் வழியாக ஏறும் தண்ணீரை இம்பெல்லர் என்ற சுழலி பின்னோக்கித் தள்ளுகிறது. சுழன்று சுழன்று வரும் நீரை அதற்குப் பின்னால் இருக்கும் அசையாத தகடுகள் நேராக்குகின்றன. குறுகலான முனை வழியே நீர் சீறி வெளியேறும்போது வண்டி முன்னே பாய்கிறது. வெளியே சுழலும் விசிறி இல்லை என்பதால் அருகில் நீந்துபவரின் காலை வெட்டாது, முழங்கால் அளவு நீரிலும் ஓடும். நியூசிலாந்தின் ஆடு வளர்ப்புப் பண்ணையாளரான பில் ஹாமில்டன், தம் ஊரின் ஆழமற்ற ஆறுகளில் படகு விட வேண்டும் என்று 1950-களில் உழைத்துச் செம்மைப்படுத்திய முறை இது.

இந்த அழகான அமைப்புக்குள் ஒரு பெரிய ஆபத்து ஒளிந்திருந்தது. சுக்கான் என்று இதில் தனியாக எதுவும் கிடையாது. கைப்பிடியைத் திருப்பினால் பின்னால் இருக்கும் நீர் முனை திரும்பும், நீர் சீறும் திசை மாறும், வண்டி திரும்பும். நீர் சீறினால்தான் இத்தனையும். எதிரே ஒரு படகு வந்துவிட்டால் பழக்கமில்லாத மனிதர் என்ன செய்வார்? பதறிப்போய் ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டுக் கைப்பிடியைத் திருப்புவார். சாலையில் அதுதான் சரி. தண்ணீரில், விட்ட அந்தக் கணமே திரும்பும் சக்தி போய்விடுகிறது. பிரேக்கும் இல்லை. வண்டி நேராகப் போய் மோதும். தப்பிக்க வேண்டுமென்றால் வேகத்தைக் கூட்டிக்கொண்டே திரும்ப வேண்டும். மனித இயல்புக்கு நேர் எதிரான செயல் அது.

எத்தனை பேர், எத்தனை குழந்தைகள் இந்த ஒரு காரணத்தால் அடிபட்டிருக்கிறார்கள் என்று நினைத்தால் கோபம் வருகிறது. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1998-இல் இந்த வண்டிகளைப் பற்றித் தனி ஆய்வே வெளியிட்டது. ஆக்ஸிலரேட்டரை விட்டால் கட்டுப்பாடு போய்விடுகிறது என்பது அதில் பேசப்பட்ட முக்கியமான குறை. அதன் பிறகுதான் நிறுவனங்கள் அசைந்து கொடுத்தன. ஆக்ஸிலரேட்டரை விட்டபின் கைப்பிடியை முழுக்கத் திருப்பினால் எஞ்சின் தானாகக் கொஞ்சம் உந்துதல் தந்து திரும்ப உதவும் ஏற்பாடு முதலில் வந்தது.

உண்மையான திருப்பம் 2009-இல். ஸீ-டூ அந்த ஆண்டு இடது கையில் ஒரு பிரேக் பிடியைக் கொடுத்தது. அதை அழுத்தினால் ஒரு கணினி எஞ்சினைத் தணித்து, நீர் முனைக்குப் பின்னால் ஒரு வளைந்த மூடியை இறக்கி, சீறும் நீரை முன்பக்கமாகத் திருப்பிவிடுகிறது. எந்த நீர் வண்டியை ஓட்டியதோ அதே நீர் அதை நிறுத்துகிறது. 2015 மாடல்களில் யமஹாவும் இதே வேலையைச் செய்யும் இரட்டைப் பிடி முறையைக் கொண்டுவந்தது. முதல் ஸீ-டூவிலிருந்து கணக்கிட்டால், மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தொடும் அளவுக்கு வளர்ந்த ஒரு வாகனத்துக்குப் பிரேக் வர 40 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

இதே மூடி இன்னொரு நல்ல காரியமும் செய்கிறது. பழைய வண்டிகளில் எஞ்சினைப் போட்டவுடன் வண்டி மெல்ல நகரத் தொடங்கிவிடும். படகுத் துறையில் குழந்தையை ஏற்றிக்கொண்டிருக்கும்போது நகரும் வண்டி எவ்வளவு தொல்லை என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். இப்போது மூடி பாதி இறங்கி நிற்பதால் எஞ்சின் ஓடினாலும் வண்டி இருந்த இடத்தில் இருக்கிறது. விளம்பரப் படங்களில் இது வராது. என்னைக் கேட்டால் 325 குதிரைத்திறனை விட இதுதான் பெரிய முன்னேற்றம்.

நாற்பது லட்சம் பேர் குடிக்கும் ஏரி

போடன் ஏரிக்காரர்களின் பிடிவாதத்துக்குக் காரணம் அந்த ஏரிதான். 1954-இல் தொடங்கப்பட்ட போடன் ஏரி நீர் வழங்கல் நிறுவனம், சிப்லிங்கன் என்ற ஊருக்கருகே சுமார் 60 மீட்டர் ஆழத்திலிருந்து நீரை எடுத்து, பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஏறக்குறைய 40 லட்சம் பேருக்குக் குடிநீர் தருகிறது. மெர்சிடிஸும் போர்ஷேவும் தயாராகும் ஸ்டுட்கார்ட் நகரமும் இந்த நீரைக் குடிக்கிறது. வீராணத்து நீரையும் பூண்டி நீரையும் குடிக்கும் சென்னைக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கால நீர்வண்டிகளில் இருந்தவை இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்கள். பழைய ஸ்கூட்டர்களில் நாம் பார்த்த அதே ரகம்; எண்ணெயும் பெட்ரோலும் கலந்து எரியும். புகைவாயில் திறந்திருக்கும் நேரத்திலேயே புது எரிபொருளும் உள்ளே நுழைவதால், ஒரு பகுதி எரியாமலே வெளியே போய்விடும். கார்புரேட்டர் வைத்த பழைய எஞ்சின்களில் இந்த வீணடிப்பு கால் பங்கையும் தாண்டும். ஸ்கூட்டரில் அது புகையாகப் போனது. நீர்வண்டியில் நேரே தண்ணீருக்குள் போனது. கலிஃபோர்னியா–நெவாடா எல்லையில் உள்ள தாஹோ ஏரியில் 1999-இல் இத்தகைய பழைய எஞ்சின்களைத் தடை செய்தார்கள். போடன் ஏரியில் படகு எஞ்சின்களின் புகைக்கு 1993-இலேயே வரம்பு கட்டி, 1996-இல் அதை இன்னும் இறுக்கிவிட்டார்கள்.

இந்த மாதிரி வரம்புகள் பரவப் பரவ, நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் வந்தே தீர வேண்டியதாயிற்று. 2002-இல் யமஹா அதை நீர்வண்டிக்குள் கொண்டுவந்தது. ஸீ-டூ வண்டிகளுக்கு ரோடாக்ஸ் நிறுவனம் எஞ்சின் செய்து தருகிறது. இன்று அது ஆஸ்திரியாவின் குன்ஸ்கிர்ஷனில் இருக்கும் தொழிற்சாலை. தொடங்கியதோ ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில், 1920-இல். பத்தாண்டுகளில் ஃபிஷ்டல் அண்டு சாக்ஸ் நிறுவனம் அதை வாங்கி ஷ்வைன்ஃபூர்ட்டுக்கு மாற்றியது. போர்க்காலத்தில் ஆஸ்திரியாவுக்கு இடம்பெயர்ந்தது. 1970-இல் பம்பார்டியர் கைக்குப் போனது. டிரெஸ்டனில் தொடங்கிய அந்தப் பெயர் இன்று கடலில் 300 குதிரைத்திறன் எஞ்சின்களின் தலையில் எழுதியிருக்கிறது.

ரோடாக்ஸ் எஞ்சின்களில் நம் கடலுக்குப் பொருத்தமான ஓர் அம்சத்தைக் குறிப்பிட வேண்டும். பல நீர்வண்டிகள் எஞ்சினைக் குளிர்விக்க வெளி நீரையே உள்ளே இழுத்துச் சுற்றவிட்டு வெளியேற்றும். உப்பும் மணலும் பாசியும் சேர்ந்தே உள்ளே போகும். ஸீ-டூவில் கார் போலவே மூடிய சுற்று. உள்ளே குளிர்விப்புத் திரவம் ஓடுகிறது, வண்டியின் அடியில் உள்ள ஓர் உலோகத் தகட்டின் வழியே வெப்பம் நீரில் கரைகிறது. எஞ்சினின் உட்புறத்தை உப்பு நீர் தொடுவதே இல்லை. புகைக்குழாய்ப் பகுதியை வெளி நீர்தான் குளிர்விக்கிறது என்பதால் ஓட்டி முடித்தபின் நல்ல தண்ணீர் விட்டு அலசும் வேலை இதிலும் உண்டு. அந்த வேலையைச் செய்யாத வண்டி எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் வங்கக் கடலில் நெடுநாள் நிற்காது.

காதில் விழுவது

ஐரோப்பிய விதிப்படி 40 கிலோவாட்டுக்கு மேற்பட்ட எஞ்சின் உள்ள நீர்வண்டி, 25 மீட்டர் தொலைவில் அளந்தால் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது. பெரிய வண்டிகள் எல்லாமே இந்த வகைதான். எண்ணைப் பார்த்தால் சாலையில் போகும் கார் அளவுதான். ஆனாலும் ஏரிக்கரை வாசிகள் இதன் சத்தத்தைச் சகிப்பதில்லை, ஏன்? கார் வருகிறது, போய்விடுகிறது. நீர்வண்டி அதே இடத்தில் வட்டமடிக்கிறது. அலையில் எகிறும்போது புகைவாயும் பம்பும் நீரைவிட்டு வெளியே வர, எஞ்சின் ஒரு கணம் கத்துகிறது, விழுந்ததும் அடங்குகிறது, மறுபடி கத்துகிறது. சீரான ஓசைக்குக் காது பழகிவிடும். இப்படி ஏறி இறங்கும் ஓசைக்குப் பழகாது. நாணலில் கூடு கட்டிய பறவைக்கும் அப்படித்தான். எஞ்சின் அறையில் ஒலி உறிஞ்சும் பொருள்கள், ரப்பர் தாங்கிகள், புகைக்குழாயில் ஒத்ததிர்வுப் பெட்டிகள் எல்லாம் வைத்து இன்றைய வண்டிகளை நிறையவே அமைதியாக்கியிருக்கிறார்கள். ஓட்டுபவரின் பழக்கத்தை எந்தப் பெட்டியும் மாற்றாது என்பதால் ஜெர்மானியர்கள் அதைச் சட்டத்தால் பிடித்தார்கள்.

ரைன் நதியின் விதி

1995-இல் ஜெர்மன் மத்திய அரசு நீர்வண்டிகளுக்கென்றே ஒரு தனி விதித் தொகுப்பைக் கொண்டுவந்தது. அதன் சாரம் எளிமையானது. மத்திய அரசின் உள்நாட்டு நீர்வழிகளில் வட்டமடிப்பது, குதிப்பது, சாகசம் காட்டுவது எல்லாம் அதற்கென்று பலகை நட்டு ஒதுக்கிய பகுதிகளில் மட்டும். மற்ற இடங்களில் ஒரு படகைப் போல, எங்கே போகிறது என்று பார்ப்பவருக்குப் புரியும்படி நேராகப் போக வேண்டும். இருட்டிலும் பனிமூட்டத்திலும் ஓட்டக்கூடாது. மிதவை அங்கி கட்டாயம். ஓட்டியவர் விழுந்தால் எஞ்சின் தானாக நிற்க வேண்டும், அல்லது மிகக் குறைந்த வேகத்துக்கு இறங்கி வண்டி வட்டமடித்துத் திரும்பி வர வேண்டும்.

மணிக்கட்டில் மாட்டும் சுருள் கயிறு இதற்காகத்தான். விழுந்தால் சாவி பிடுங்கிக்கொள்ளும், எஞ்சின் நிற்கும். மிக மலிவான பொருள். இந்த வண்டியில் உள்ள எல்லாக் கருவிகளிலும் அதிக உயிர்களைக் காப்பது இந்தக் கயிறாகத்தான் இருக்கும் என்பது என் நம்பிக்கை.

உரிமம் இல்லாமல் ஏற முடியாது. 15 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட படகுக்கு ஜெர்மனியில் கேளிக்கைப் படகு உரிமம் வேண்டும். ரைன் நதியில் 5 குதிரைத்திறனைத் தாண்டினாலே வேண்டும். கடையில் விற்கும் எந்தப் பெரிய நீர்வண்டியும் இந்த எல்லையைப் பல மடங்கு தாண்டியதுதான். உரிமத்துக்கு 16 வயது, மருத்துவச் சான்று, எழுத்துத் தேர்வு, பிறகு தண்ணீரில் செய்முறைத் தேர்வு. கயிற்று முடிச்சுகள் போட்டுக் காட்ட வேண்டும். படகிலிருந்து ஒருவர் விழுந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, திரும்பி வந்து, அவரைக் காயப்படுத்தாமல் நெருங்கி மீட்கும் பயிற்சி இந்தத் தேர்வில் தவிர்க்க முடியாத பகுதி. அதில் தோற்றால் உரிமம் இல்லை.

ரைன் நதியைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கண்டிப்பு அதிகமாகத் தெரியாது. நூறு மீட்டரைத் தாண்டும் சரக்குக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் நெடுஞ்சாலை அது. கப்பல் விட்டுச் செல்லும் அலையில் எகிறிக் குதிப்பது நீர்வண்டிக்காரர்களுக்குப் பெரிய ஆசை. கப்பல் தலைவருக்கோ முன்பக்கம் நெடுந்தூரம் கண்ணுக்குத் தெரியாத பகுதி. நினைத்த மாத்திரத்தில் கப்பலை நிறுத்தவும் முடியாது. அதன் முன்னே எஞ்சின் அணைந்து நிற்கும் வண்டிக்கு எந்தத் தொழில்நுட்பமும் உதவாது.

பெட்ரோல் இல்லாமல்

மியூனிக் நகருக்குத் தெற்கே ஸ்டார்ன்பெர்க் ஏரி. அங்கே பெட்ரோல் எஞ்சின் படகுக்கான அனுமதிகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு உண்டு. அனுமதிக்குக் காத்திருப்போர் பட்டியல் ஆண்டுக்கணக்கில் நீளும். மின்சாரப் படகுக்கு அந்த நெருக்கடி இல்லை. அந்த ஏரிக்கரையில்தான் 2005-இல் டார்க்கீடோ என்ற மின்சாரப் படகு மோட்டார் நிறுவனம் பிறந்தது. நிறுவியவர்களில் ஒருவரான கிறிஸ்டோஃப் பாலின் அந்த ஏரியில் தமக்கு ஒரு மின் மோட்டார் வேண்டும் என்று தேடியதிலிருந்தே கதை தொடங்கியது. கையில் தூக்கிப்போகும் சிறு மோட்டாரில் ஆரம்பித்து, பி.எம்.டபிள்யூ. ஐ3 காரின் பேட்டரியைப் படகுக்கு ஏற்றபடி மாற்றிப் பொருத்தும் அளவுக்கு வளர்ந்தார்கள். 2017-இல் டாய்ட்ஸ் எஞ்சின் நிறுவனம் அதை வாங்கியது. 2024-இல் டாய்ட்ஸிடமிருந்து வாங்கிக்கொண்டது யார் தெரியுமா? வேவ்ரன்னர் செய்யும் யமஹா. பெட்ரோல் நீர்வண்டிகளின் ஜாம்பவான் ஒருவர் ஜெர்மன் மின் மோட்டார்க்காரர்களைத் தேடி வந்தது, இந்தத் தொழில் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதற்கு நல்ல அடையாளம்.

பார்ப்பது வேறு, போய்ச் சேர்வது வேறு. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 கிலோவாட்-மணி ஆற்றல் இருக்கிறது. ஒரு கிலோ பேட்டரிப் பொதியில் 0.2 அளவுக்குத்தான் சேர்த்து வைக்க முடிகிறது. மின் மோட்டார் ஆற்றலை வீணாக்காது என்பதைக் கணக்கில் எடுத்தாலும் இடைவெளி பெரிது. மேலும், சாலையில் ஓடும் கார் வேகம் பிடித்தபின் சுலபமாக உருளும். தண்ணீர் அப்படி விடாது. ஒவ்வொரு நொடியும் பிடித்து இழுக்கும். 300 குதிரைத்திறன் வண்டியை முழு வேகத்தில் ஓட்டினால் ஒரு மணி நேரத்தில் 60 லிட்டருக்கு மேல் குடித்துவிடுகிறது. பெரிய வண்டிகள் பலவற்றின் டாங்க் கொள்ளளவே 70 லிட்டர்தான். கனடாவின் டைகா நிறுவனம் முழு மின்சார நீர்வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒருமுறை சார்ஜ் செய்தால் அதிகபட்சம் இரண்டு மணி நேரம் என்று அறிவித்தது. 2024-இல் அந்த நிறுவனம் கடன் நெருக்கடியில் நீதிமன்றப் பாதுகாப்பைத் தேட நேர்ந்தது.

ஜெர்மானியர்கள் இந்த இடத்தில் வேறு வழியில் யோசித்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. பெரிய வண்டியை மின்மயமாக்கப் போராடாமல், வண்டியையே சிறிதாக்கினார்கள். ஸ்டுட்கார்ட்டின் கயாகோ நிறுவனம் செய்யும் ஸீபாப் அப்படிப்பட்டது. இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு மார்பைச் சாய்த்தால் அது நம்மை இழுத்துப் போகிறது. உடலைச் சாய்ப்பதுதான் திசை. நீருக்கு மேலும் போகலாம், மூழ்கியும் போகலாம்; கருவி 40 மீட்டர் ஆழம் வரை தாங்கும், ஓட்டுபவர் எவ்வளவு ஆழம் போகலாம் என்பதற்கு மின்னணு முறையில் எல்லை வைக்கலாம். உள்ளே பம்ப், வெளியே சுழலும் எதுவும் இல்லை, புகை இல்லை, ஓசை மிகக் குறைவு. ராஸ்டாட் நகரின் லாம்பூகா நிறுவனம் அதே எண்ணத்தை நின்று ஓட்டும் மின்சார ஜெட் பலகையாகச் செய்தது. விலை இன்னும் பணக்காரர்களின் சொகுசுப் படகுகளுக்குத்தான் கட்டுப்படியாகிறது. ஆனால் ஒரு மனிதன் தண்ணீரில் விளையாட 350 கிலோ எடையும் 300 குதிரைத்திறனும் வேண்டுமா என்ற கேள்வியை இவை நேராகக் கேட்கின்றன.

சறுக்குப் படுக்கை

எனக்கு இந்த வண்டி மேல் மதிப்பு வந்ததற்கு விளையாட்டு காரணமில்லை, மீட்புப் பணி. 1912 ஜூலை 28 அன்று ஜெர்மனியின் ரூகன் தீவில், பின்ஸ் என்ற ஊரின் கடற்பாலத்தில் படகுக்காகக் கூட்டம் நின்றிருந்தபோது படகு அணையும் மேடை இடிந்தது. ஏராளமானோர் கடலில் விழுந்தார்கள். பதினைந்து பேருக்கும் மேல் கரைக்கு அருகிலேயே இறந்தார்கள். அன்றைய ஜெர்மனியில் நீச்சல் தெரிந்தவர்கள் மிகச் சிலர். அந்தத் துயரத்தின் விளைவாக 1913-இல் லைப்சிக் நகரில் தொடங்கப்பட்டதுதான் ஜெர்மன் உயிர்மீட்புச் சங்கம். தன்னார்வலர்களால் நடக்கும் பெரிய அமைப்பு. 2024-இல் ஜெர்மனியில் குறைந்தது 411 பேர் நீரில் மூழ்கி இறந்ததாக அந்தச் சங்கம் கணக்குச் சொல்கிறது. பெரும்பாலோர் இறந்தது கடலில் அல்ல, ஏரிகளிலும் ஆறுகளிலும்.

அந்தச் சங்கத்தின் கரைக் காவல் பணியில் இப்போது மீட்பு நீர்வண்டிகளும் இருக்கின்றன. வண்டிக்குப் பின்னால் கைப்பிடிகள் வைத்த ஒரு தட்டையான சறுக்குப் படுக்கை கட்டியிருக்கும். ஒருவர் ஓட்டுவார், ஒருவர் படுக்கையில் குப்புறக் கிடப்பார். தத்தளிப்பவரின் பக்கமாக வண்டி வளையும்போது பின்னால் இருப்பவர் கையை நீட்டிப் பிடித்து அப்படியே படுக்கையில் இழுத்துப் போட்டுக்கொள்வார். வண்டி நிற்காமல் கரை திரும்பும். ஹவாய் தீவின் பிரையன் கியுலானாவும் அவருடைய தோழர்களும் பேரலைகளுக்கு நடுவே உருவாக்கி உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த முறை இது. நசரேயில் ஸ்டாய்ட்னரைக் காக்கக் காத்திருப்பவர்களும் இதே முறையைத்தான் கையாள்கிறார்கள்.

இங்கேதான் வண்டியின் ஒவ்வோர் அம்சமும் பொருள் பெறுகிறது. விசிறி வெளியே இல்லாததால் மூழ்குபவரை ஒட்டி நிற்கலாம். ஆழம் தேவையில்லாததால் அலை உடையும் இடத்துக்குள்ளேயே நுழையலாம். பின்னோக்கி நகர்த்தும் மூடி இருப்பதால் நீரோட்டத்தில் ஒரே இடத்தில் பிடித்து நிறுத்தலாம். பலவீனமும் இங்கேதான் தெரிகிறது. வெண்ணுரையில் பாதி காற்று. பம்புக்குப் பிடி கிடைக்காது, எஞ்சின் வீணாகச் சுற்றும். அதனால் தேர்ந்த ஓட்டுநர் நுரையைக் கண்டதும் விலகி, நுரையில்லாத தண்ணீரைத் தேடி ஓடுவார். அந்தக் கணக்கைப் பயிற்சிதான் தரும். 300 குதிரைத்திறன் தராது.

நம் கரையில்

முட்டுக்காடு படகுத் துறையிலும் கோவளத்திலும் நீர்வண்டி என்றால் சில நிமிடக் கொண்டாட்டம். ஓட்டுநர் பின்னால் உட்கார, நாம் முன்னால் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று. அதில் தவறில்லை, அந்தச் சந்தோஷம் உண்மையானது. மெரினாவிலும் மற்ற கடற்கரைகளிலும் இழுப்பு நீரோட்டத்தில் ஆண்டுதோறும் இளைஞர்களை இழக்கிறோம். சறுக்குப் படுக்கை கட்டிய நீர்வண்டியும் அதற்கென்று பயின்ற இருவரும் கூட்டம் கூடும் கடற்கரை ஒவ்வொன்றிலும் நிற்க வேண்டும் என்பது என் ஆசை. கோவாவில் ஒன்றிய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் இருக்கிறது. விசைப்படகு ஓட்டுவதும் உயிர்காப்பும் அங்கே கற்றுத்தரப்படுகின்றன. ஆகப் பயிற்சிக்கு நாம் ஜெர்மனி போக வேண்டியதில்லை.

சுற்றுலாவுக்குப் போகிறவர்கள் வண்டியில் ஏறுமுன் சிலவற்றைப் பார்க்கலாம். இடது கைப்பக்கம் பிரேக் பிடி இருக்கிறதா? இல்லையென்றால் அது பழைய ரகம். ஆக்ஸிலரேட்டரை விட்டால் திரும்பாது என்பதை ஓட்டுபவர் அறிந்திருக்க வேண்டும். சுருள் கயிறு ஓட்டுபவரின் கையிலோ அங்கியிலோ மாட்டியிருக்கிறதா, வண்டியிலேயே சுற்றிக் கட்டிவிட்டார்களா? பின்னதைப் பார்த்தால் ஏறாதீர்கள். மிதவை அங்கியின் கொக்கிகள் எல்லாம் பூட்டுகின்றனவா?

எச்சரிக்கை வில்லையையும் படியுங்கள். நீர்வண்டிகளில் கட்டாயம் ஒட்டியிருக்கும் அது, நீச்சல் கால்சட்டையின் மெல்லிய துணி போதாது, தடித்த நீருடையின் கீழ்ப்பகுதி அணிய வேண்டும் என்று சொல்கிறது. பின்னால் உட்கார்ந்தவர் மல்லாந்து விழுந்தால் நேரே சீறும் நீருக்கு முன்னால் விழுகிறார். அந்த அழுத்தத்தில் நீர் உடலுக்குள் புகுந்து குடலைக் கிழித்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. பெண்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். இதைச் சொல்ல வெட்கப்பட்டே நம் ஊரில் யாரும் சொல்வதில்லை. தடித்த உடை இல்லையென்றால் பின்னிருக்கையில் இருப்பவர் முன்னால் இருப்பவரை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஓட்டுநர் திடீரென்று சீறிக் கிளம்பக் கூடாது.

கடைசியாக, சாவி. நவீன வண்டிகள் பலவற்றில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கற்றுக்குட்டிச் சாவி என்று ஒன்று தனியாக உண்டு. சிலவற்றில் அதே வேலையை ஒரு பொத்தான் செய்யும். அதைப் போட்டால் வண்டி குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் போகாது. வாடகைக்கு விடுபவரிடம் அது இருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டுப் பிள்ளைகள் ஓட்டுவதாக இருந்தால், அதைப் போட்டுக் காட்டிய பிறகு பணம் கொடுங்கள்.